கண்ணின் பாவையை அளத்தல்

மூணாறு பஜாரில் நாற்பது ஆண்டுகளாக மளிகை வியாபாரம் செய்து வருகிறேன். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். கடையை அடைத்த பிறகு லாந்தர் வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் படித்தது அதிகம். நமது சங்க மலருக்குச் சமண நூல்களைப் பற்றியோ, பழைய அளவைகளைப் பற்றியோ ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த ஆண்டும் மலர்க்குழு நண்பர்கள் வந்து, "அதே மாதிரி ஒண்ணு குடுத்துடுங்க நயினார்" என்றார்கள். ஆனால் நெடுநாளாக என் மனத்தில் கிடக்கும் வேறொரு பொருள் இருக்கிறது. இப்போது எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன் என்று பட்டதால் அதையே எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: நம் கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டம். அது சுருங்குவதையும் விரிவதையும் அளந்து, நோயையும் மனத்தின் உழைப்பையும் அறிகிறார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அந்த வட்டத்தைப் பார்க்கத் தெரியாமல் ஒரு பெரிய தவறு செய்தவன்.

பாவை என்னும் பெயர்

முதலில் பெயரைப் பார்ப்போம். அந்தக் கறுப்பு வட்டத்தை நாம் பாவை என்கிறோம். பேச்சில் பாப்பா என்கிறோம். பாவை என்றால் பொம்மை, பெண் என்றும் பொருள். ஒருவர் கண்ணுக்கு மிக அருகில் போய்ப் பார்த்தால், அந்தக் கறுப்பில் நம் உருவமே சிறு பொம்மை போலத் தெரியும். பெயர் வந்த வழி அதுதான்.

இந்த எண்ணம் தமிழனுக்கு மட்டும் வந்ததல்ல. லத்தீன் மொழியில் இதற்குப் பெயர் பூபில்லா. சிறு பொம்மை, சிறுமி என்று பொருள். ஆங்கிலத்தின் பியூபில் அதிலிருந்து வந்தது. கிரேக்கர் கோரே என்றார்கள்; அதற்கும் பெண் என்றே பொருள். வடமொழியின் கனீனிகா என்ற சொல்லும் கன்னிப் பெண்ணையும் கண்ணின் பாவையையும் சேர்த்தே குறிக்கும். திருக்குறளின் காமத்துப்பாலில் ஒரு காதலன், தன் காதலிக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கண்ணில் இருக்கும் பாவையைப் போகச் சொல்கிறான்.

உண்மையில் அந்த இடத்தில் பொருள் எதுவும் இல்லை. அது ஒரு துவாரம். ஐரிஸ் என்ற வட்டத் திரையின் நடுவே உள்ள ஓட்டை. கண்ணுக்குள் போன வெளிச்சம் நாம் பார்க்கும் திசைக்குத் திரும்பி வராததால் கறுப்பாகத் தெரிகிறது. வீட்டுக்குள் விளக்கில்லாதபோது சாவித்துவாரம் கறுப்பாகத் தெரிவது போல.

இரண்டு தசைகளின் இழுபறி

ஐரிஸ் திரையில் இரண்டு வகைத் தசைகள் இருக்கின்றன. ஒன்று பாவையைச் சுற்றி வளையமாக ஓடுவது. சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடுவது போலப் பாவையைச் சுருக்கும். மற்றொன்று குடைக்கம்பி போல வெளிநோக்கி ஓடுவது, பாவையை விரிக்கும். சுருக்கும் தசைக்கு ஆணை மூளையின் தண்டுப் பகுதியிலிருந்து மூன்றாம் மூளை நரம்பு வழியாக வருகிறது. விரிக்கும் தசைக்கு ஆணை வருவது சுற்றுவழி: மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கி, மார்பின் மேல்பகுதியைத் தொட்டு, கழுத்து வழியாக மேலேறிக் கண்ணுக்கு வருகிறது. பயம், கோபம், ஆர்வம் வரும்போது நெஞ்சு படபடக்கச் செய்கிற அதே நரம்புக் கூட்டந்தான் பாவையையும் விரிக்கிறது.

நல்ல வெளிச்சத்தில் பாவை சுமார் 2 மில்லிமீட்டர் அகலம். இருட்டில் இளைஞர்களுக்கு 8 மில்லிமீட்டர் வரை போகும். அகலம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. வயது ஏற ஏற இருட்டிலும் அது அவ்வளவாக விரிவதில்லை. மங்கலான வெளிச்சத்தில் என் போன்றவர்கள் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் கால் விநாடிக்குள் அந்தப் பாவை சுருங்கத் தொடங்கும். அடிக்காத கண்ணின் பாவையும் கூடவே சுருங்கும். இரண்டு கண்ணின் சேதியும் மூளைத் தண்டில் ஒரே இடத்துக்குப் போய், அங்கிருந்து இரண்டுக்கும் ஆணை போவதால் இப்படி. இந்த வழி நாம் 'பார்க்கிறோம்' என்று உணரும் மூளைப் பகுதிக்குப் போகாமலே சுற்றி முடிந்துவிடுகிறது. எனவே மயங்கிக் கிடப்பவனிடமும் இதைச் சோதிக்கலாம். அவன் பேச வேண்டியதில்லை, ஒத்துழைக்க வேண்டியதில்லை. மருத்துவர்கள் பாவையை மதிப்பதற்குக் காரணம் இதுவே.

இதைக் கவனித்தவர்கள் பழங்காலத்திலேயே உண்டு. பாரசீக மருத்துவர் அல் ராஸி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாவை வெளிச்சத்தில் சுருங்குவதைப் பற்றி எழுதினார். ஸ்காட்லாந்தின் ராபர்ட் விட் 1751-இல் இது நினைத்துச் செய்யும் செயல் அல்ல, தானே நிகழும் அனிச்சைச் செயல் என்று விளக்கினார். 1869-இல் ஆர்கில் ராபர்ட்சன், அருகில் பார்க்கும்போது சுருங்கியும் வெளிச்சத்துக்குச் சுருங்காத பாவையை விவரித்தார். அது மேகநோய் நரம்பைத் தாக்கியதன் அடையாளம் என்று பின்னர் தெரிந்தது.

நான் பார்க்கத் தவறியது

இனி என் கதை. 2009-ஆம் ஆண்டு. கடையில் மூட்டை இறக்கும் பையன் ஒருவன் இருந்தான். இருபத்திரண்டு வயது, தேனிப் பக்கத்துக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போவான். நாள் கூலி அதில் அதிகம்.

பூச்சிமருந்து எங்கள் கடையில் விற்பதில்லை. கொல்லாமை எங்கள் நெறி. என் தகப்பனார் காலத்திலிருந்தே அப்படி. அதைப் பெருமையாகவும் சொல்லிக் கொள்வேன்.

ஒரு ஞாயிறு மாலை அந்தப் பையன் கடைக்கு வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். சட்டை நனைந்த வேர்வை. வாயோரம் எச்சில். பேச்சு குழறியது. கேட்டதற்குச் சரியாகப் பதில் இல்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குடிச்சிட்டு வந்திருக்கான். குடோன்ல படுக்கப் போடுங்க, தெளியட்டும்" என்றேன். இரண்டு மணி நேரம் போயிற்று. அவன் அம்மா வந்தாள். "மொதலாளி, எம் புள்ள குடிக்க மாட்டான். தோட்டத்துல இருந்து வந்தவன் சோறுகூடத் திங்கல" என்று அழுதாள். அப்புறந்தான் ஜீப்பில் போட்டு அருகில் இருந்த ஒரு சிறிய கிளினிக்குக்குக் கொண்டு போனோம்.

அங்கே இருந்த மலையாள நர்ஸ் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பி என்னிடம், "சாரே, இது குடியில்லை. கண்ணு பாருங்க. ஊசி குத்தின மாதிரி இருக்கு. மருந்தடிச்சானா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். இரண்டு பாவையும் மிளகைக்கூட விடுங்கள், கசகசா அளவுக்கு இருந்தன. கிளினிக்கில் விளக்கு மங்கல். அந்த மங்கலில் என் பாவை, உங்கள் பாவை எல்லாம் விரிந்திருக்க வேண்டிய நேரம். சாராயம் பாவையை இப்படி ஊசிமுனை ஆக்குவதில்லை.

மருந்து செய்யும் வேலை

தோட்டங்களில் அடிக்கும் மருந்துகளில் ஆர்கனோ பாஸ்பரஸ் என்று ஒரு வகை உண்டு. நம் உடம்பில் நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. சேதி சொல்லி முடிந்ததும் ஒரு நொதி வந்து அதைத் துடைத்துவிடும். இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சேதி நிற்காமல் அடித்துக் கொண்டே இருக்கிறது. வேர்வை, எச்சில், கண்ணீர் பெருகும், நுரையீரல் நீரால் நிறையும், தசை துடிக்கும், நாடி இறங்கும், பாவையைச் சுருக்கும் தசை முழுமூச்சாக இழுத்துப் பிடிக்கும். மருந்தைக் குடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. நனைந்த சட்டையோடு நாள் முழுக்க நின்றால் தோல் வழியாகவும் ஏறும்.

கேரளத்துக்கு இந்த விஷம் புதிதல்ல. 1958-இல் பாலிடால் என்ற பாரத்தியான் மருந்து கப்பலில் உணவுப் பொருளோடு சேர்ந்து வந்து, கசிந்து மாவில் கலந்து, அதை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் நடந்த விசாரணையின் தொடர்ச்சியாகத்தான் 1968-இல் நாட்டில் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. உணவுப் பொருள் வியாபாரிகள் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

இதற்கு மாற்று மருந்து அட்ரோபின். அது அசிட்டைல்கோலின் சொல்லும் சேதியைக் காதில் விழாமல் செய்யும். அட்ரோபின் பெல்லடோனா என்ற செடியிலிருந்து எடுக்கப்பட்டது. பெல்லடோனா என்றால் இத்தாலிய மொழியில் அழகிய பெண். பாவை பெரிதாகத் தெரிந்தால் அழகு என்று அந்தக் காலத்துப் பெண்கள் அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக் கொண்டார்களாம். நம்மூர் ஊமத்தையிலும் அதே குடும்பச் சரக்குகள் உண்டு. மூணாறு சாலையோரங்களில் குழல் குழலாகத் தலைகீழாகத் தொங்கும் அந்தப் பெரிய பூச்செடியிலும் உண்டு. அதைப் பறித்த கையால் கண்ணைத் தேய்த்தாலே அந்தக் கண்ணின் பாவை மட்டும் அகன்றுவிடும். பிள்ளைகளை எச்சரியுங்கள். ஒரு விஷம் பாவையைச் சுருக்குகிறது. இன்னொரு விஷம் விரிக்கிறது. அளவறிந்து கொடுத்தால் இரண்டாவது முதலாவதுக்கு மருந்தாகிறது.

பேராதனையின் அளவுகோல்

பார்ப்பது வேறு, அளப்பது வேறு. எடையைக் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்வதற்கும் தராசில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். இந்த விஷத்துக்கு ஒரு தராசைச் செய்து தந்தவர்கள் நமக்கு அக்கரையில் இருப்பவர்கள். இலங்கையின் மலைநாட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகியோர் பங்கு கொண்ட குழு 1993-இல் வெளியிட்டது அது. பேராதனை அளவுகோல் என்றே உலகம் அதை அழைக்கிறது.

அதில் முதல் வரியே பாவை. அகலம் 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 0. அதற்குக் கீழ் என்றால் 1. ஊசிமுனை என்றால் 2. அதேபோல மூச்சு, நாடி, தசைத் துடிப்பு, நினைவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. வலிப்பு இருந்தால் கூடுதலாக 1. மொத்தம் 11. கூட்டுத்தொகை 3 வரை என்றால் லேசு. 4 முதல் 7 வரை நடுத்தரம். 8-உம் அதற்கு மேலும் என்றால் கடுமை. ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத மலைக் கிளினிக்கிலும், ஒரு டார்ச்சும் கடிகாரமும் இருந்தால் போதும். யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

எங்கள் பையனுக்கு அந்த நர்ஸும் டாக்டரும் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, அட்ரோபின் ஊசி போட்டு, போடிமெட்டு வழியாக மலையிறக்கி அனுப்பினார்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவன் தலையை மடியில் வைத்துக் கொண்டு நான் எண்ணியது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான்.

பாவை சொல்லாததும் உண்டு

இரண்டாம் நாள் காலையில் பையன் கண் விழித்துப் பேசினான். பாவை சாதாரண அளவுக்கு வந்திருந்தது. நானே பார்த்து அவன் அம்மாவிடம் சொன்னேன். "கண்ணு சரியாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று அவள் கேட்டதற்கு டாக்டர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அன்று இரவு பையனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பிறகு மூச்சு தளர்ந்தது. மூச்சு இயந்திரத்தில் வைத்தார்கள். ஆறு நாள் இருந்தான். பிழைத்தான்.

இந்த இடைக்காலத் தளர்ச்சியைப் பற்றி உலகுக்குச் சொன்னவர்களும் அதே சேனநாயக்க, கரல்லியத்த இருவர்தாம். 1987-இல் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். விஷத்தின் முதல் வேகம் தணிந்து, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் வலுவிழக்கின்றன. அந்தத் தசைகளுக்கு அட்ரோபின் உதவாது. பாவை அப்போது நல்லபடியாகவே இருக்கலாம். சிகிச்சையின்போதும் மருத்துவர்கள் பாவையை மட்டும் நம்புவதில்லை. நுரையீரலில் நீர்ச்சத்தம் போயிற்றா, நாடியும் ரத்த அழுத்தமும் ஏறிற்றா, அக்குள் காய்ந்ததா என்று சேர்த்தே பார்க்கிறார்கள். மருந்து கண்ணிலேயே தெறித்திருந்தால் மற்றவை சரியான பிறகும் பாவை சுருங்கியே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசிமுனைப் பாவை என்றாலே பூச்சிமருந்து என்று முடிவு கட்டக் கூடாது. அபின், மார்பின் வகை மருந்துகளும் அப்படிச் செய்யும். மூளைத் தண்டில் ரத்தக் கசிவும் செய்யும். எண்டோசல்பான் போன்ற வேறு இனப் பூச்சிமருந்துகளில் இந்த அடையாளமே எதிர்பார்க்க முடியாது.

தலையில் அடிபட்டவர்

மலைச்சாலையில் வண்டி கவிழ்வது நமக்குப் பழகிப்போன செய்தி. மண்டைக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்தால் மூளைக்கு ஒதுங்க இடமில்லை. அது கீழ்நோக்கிப் பிதுங்கி மூன்றாம் நரம்பை அழுத்தும். சுருக்கும் ஆணை நின்று போகும். அந்தப் பக்கத்துப் பாவை அகன்று, டார்ச் அடித்தாலும் அசையாமல் நிற்கும். உடனே அறுவை செய்ய வேண்டும் என்பதற்கு இது அபாய மணி.

நினைவின் அளவைக் குறிக்க 1974-இல் கிளாஸ்கோ நகரத்தின் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 3 முதல் 15 வரை எண்ணுள்ள அளவுகோல் தந்தார்கள், ஆஸ்பத்திரிகளில் ஜி.சி.எஸ். என்பார்கள். 2018-இல் டீஸ்டேல் உள்ளிட்ட குழு அதில் ஒரு திருத்தம் சொன்னது. வெளிச்சத்துக்கு அசையாத பாவை ஒன்று என்றால் 1, இரண்டும் என்றால் 2 என்று கழிக்க வேண்டும். இதனால் பிழைப்பாரா என்பதை இன்னும் சரியாகக் கணிக்க முடிந்தது.

டார்ச்சும், மில்லிமீட்டர் வட்டங்கள் அச்சிட்ட அட்டையும்தான் நெடுங்காலமாக நர்ஸ்களின் கருவி. ஆனால் ஒரே பாவையை ஒருவர் 3 என்பார், மற்றவர் 4 என்பார். நம் மக்களின் ஐரிஸ் கரும்பழுப்பு. அதில் கறுப்பு ஓட்டை எங்கே முடிகிறது என்று பிரித்தறிவது கடினம். இதற்காக அகச்சிவப்புக் கேமரா வைத்த கைக்கருவி வந்திருக்கிறது. அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. பாவையும் அதற்குச் சுருங்காது. கருவி சில விநாடிகளில் அகலம், சுருங்கத் தொடங்க ஆன நேரம், சுருங்கிய வேகம் எல்லாவற்றையும் எண்ணாகத் தருகிறது. பாவை முழுக்க நின்று போவதற்கு முன்பே வேகம் குறைவதைக் காட்டுவதுதான் அதன் பெரிய பயன்.

மூளைச்சாவை உறுதி செய்யும்போதும் பாவை பார்க்கப்படுகிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நடக்கும் அந்தச் சோதனைகளைக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். பாவை அசையாதிருப்பது அதில் ஓர் அங்கம் மட்டுமே. விஷமோ மருந்தோ காரணமாக இருக்கக்கூடாது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். அட்ரோபின் ஏற்றப்பட்டவருக்குப் பாவை அகன்றிருந்தால் அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது அல்லவா?

மனம் உழைக்கும்போது

இதுவரை வெளிச்சமும் விஷமும். இனி மனம்.

சிகாகோவில் எக்கார்ட் ஹெஸ் என்ற உளவியலாளர் இருந்தார். ஒரு நாள் இரவு படுக்கையில் விலங்குப் படப் புத்தகம் பார்த்துக் கொண்டிருந்தபோது, அவர் மனைவி, வெளிச்சம் குறைவு போலிருக்கிறது, உங்கள் பாவை பெரிதாக இருக்கிறதே என்றாராம். வெளிச்சம் போதுமான அளவுக்கு இருந்தது. அங்கிருந்து தொடங்கியது ஆராய்ச்சி. 1960-இல் ஹெஸ்ஸும் போல்ட்டும் மனத்துக்குப் பிடித்த படத்தைப் பார்க்கும்போது பாவை விரிகிறது என்று வெளியிட்டார்கள். 1964-இல் மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். கணக்குக் கடினமாக ஆக, பாவை விரிந்து கொண்டே போயிற்று. விடை சொன்னதும் பழையபடி சுருங்கியது.

1966-இல் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் இதை இன்னும் கட்டாக அளந்தார்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எண் ஏறும்போதும் பாவை சிறிது விரிந்தது. திருப்பிச் சொல்லத் தொடங்கியதும் ஒவ்வொரு எண்ணாக இறங்கும்போது சுருங்கியது. கூலிக்காரர் முதுகில் மூட்டை ஏற ஏற நடை மாறுவது போல. இந்தக் கானமன்தான் பிற்காலத்தில், 2002-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 2024-இல் காலமானார்.

காரணம் என்ன? மூளைத் தண்டில் நீலப்புள்ளி என்று பொருள்படும் பெயருள்ள சிறிய நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. கவனம் கூட்டுவது அதன் வேலை. அது துடிக்கும்போது பாவையும் விரிவதைக் குரங்குகளிடம் நேரடியாக அளந்து பார்த்திருக்கிறார்கள். மறதி நோயில் மிக முன்னதாகப் பாதிப்புத் தெரியும் இடங்களில் இதுவும் ஒன்று. எனவே பாவையை அளந்து மறதி நோயை முன்கூட்டி அறிய முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. காது மந்தமானவர்கள் இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ள எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதையும், வாய் பேசாத கைக்குழந்தைகள் எதைக் கண்டு வியக்கிறார்கள் என்பதையும் இதே வழியில் அளக்கிறார்கள்.

எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் புலன்களைப் பற்றிச் சொல்லும்போது, கண்ணையும் மனத்தையும் ஓரிணையாக வைக்கிறது. மற்ற புலன்கள் பொருளைத் தொட்டு அறிவன. கண்ணும் மனமும் தொடாமலே அறிவன என்பது அதன் கொள்கை. இந்த ஆராய்ச்சியை அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்று நான் வாதாட மாட்டேன். அது வேறு, இது வேறு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

வீட்டில் நான் பேத்தியை ஜன்னலோரம் உட்கார வைத்து, கைபேசியில் படம் பிடித்துக் கொண்டே இருபத்து மூன்றைப் பதினேழால் பெருக்கச் சொன்னேன். பாவை விரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்நேரம் பார்த்து மேகம் ஒன்று மூடியது. மேலும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "தாத்தா, 391. இதுக்குப் போயி எதுக்கு வீடியோ?" என்றாள். மேகத்தாலா, சிரிப்பாலா, கணக்காலா? மனத்தால் வரும் மாற்றம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். வெளிச்சத்தால் வருவது பல மில்லிமீட்டர். அருகில் பார்த்தாலும் பாவை சுருங்கும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் வெளிச்சத்தை மாறாமல் வைத்து, பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தி, கணக்குக்கு முந்தைய அளவைக் கழித்து, பல தடவை செய்து சராசரி எடுக்கிறார்கள். பாவையைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரிந்தது என்று தெரியும். எதனால் என்று பாவை சொல்லாது.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

தோட்டத்தில் மருந்தடித்து வந்தவர் வேர்த்து, எச்சில் வடிந்து, குழறினால், முதலில் கண்ணைப் பாருங்கள்; ஆனால் பாவை சரியாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துக் கொள்ளாதீர்கள். துணியைக் களைந்து சோப்பு நீரால் கழுவுங்கள். உங்கள் கையில் மருந்து படாமல் உறை போட்டுக் கொள்ளுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவையோ லேபிளையோ கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தலையில் அடிபட்டவருக்கு ஒரு பாவை பெரிதானால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரண்டு பாவைக்கும் சிறு வித்தியாசம் இயல்பாகவே இருக்கும். வீட்டில் எல்லோருடைய கண்ணையும் ஒரு நாள் பார்த்து வையுங்கள். எது இயல்பு என்று தெரிந்தால்தான் எது மாற்றம் என்று தெரியும். கண் முகாமில் சொட்டு மருந்து விடுவதற்கு முன் டாக்டர் டார்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடிப்பது பார்வை நரம்பைச் சோதிக்க. மருந்து விட்டபின் அதைச் செய்ய முடியாது. அவசரப்படுத்தாமல் பொறுத்திருங்கள்.

இலங்கை அரசு 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற கொடிய மருந்துகளைத் தடை செய்தது. அதன் பிறகு அங்கே தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. அளவுகோல் செய்த நாடே விஷத்தையும் விலக்க முற்பட்டது. நாமும் அந்த வழியில் போக வேண்டும்.

அந்தப் பையன் இப்போது போடியில் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு குழந்தைகள். மூணாறு வந்தால் கடைக்கு வந்து, "நல்லா இருக்கீங்களா மொதலாளி" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். குடோனில் படுக்கப் போட்ட கதை அவனுக்கு நினைவில்லை. நான்தான் ஒரு நாள் சொன்னேன். "போகட்டும் விடுங்க, நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க" என்றான். விஷம் விற்காதவன் என்று மார்தட்டிக் கொண்ட நான், என் எதிரே உட்கார்ந்திருந்தவனின் முகத்தைக் குனிந்து பார்க்கவில்லை. கடைப்பெட்டியில் இன்றும் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச் வைத்திருக்கிறேன். பாட்டரி தீருமுன் மாற்றிவிடுகிறேன்.